ஏற்காட்டில் ஒரு குளிர் இரவு

சென்ற ஜனவரியில் எங்கள் குடும்பத்தார் நால்வரும் சிறிய காரவன் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏற்காடு சென்றோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. சக்கரம் பூட்டிய வீடு என்றே சொல்லலாம். எங்களுக்கு இது முதல் அனுபவம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏரியின் அருகில் வண்டியை நிறுத்தியபோது பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். இரவு பத்து மணிக்கு அந்த உற்சாகம் நடுக்கமாக மாறிவிட்டது!

சேலத்தில் வியர்வை, ஏற்காட்டில் நடுக்கம். ஏன்? சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று விரிவடைந்து குளிர்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 8 டிகிரி வேறுபாடு!

"வண்டிதான் மூடியிருக்கிறதே, பின் ஏன் அப்பா குளிர்கிறது?" என்று கேட்டாள் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

நல்ல கேள்வி. வெப்பம் வெளியேற மூன்று வழிகள் உண்டு. வண்டியின் இரும்புத் தகடு வெப்பத்தை எளிதில் கடத்துகிறது. கதவு இடுக்குகளில் காற்று புகுந்து வெப்பச்சலனத்தால் குளிர்விக்கிறது. மேகமற்ற வானத்தை நோக்கிக் கூரை இரவெல்லாம் வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. போதாக்குறைக்கு, குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நாங்கள் நிறுத்தியிருந்ததோ பள்ளத்தில்!

அப்போது என் மகன் ஒரு யோசனை சொன்னான். "சோளம் சுட்ட கரி அடுப்பு வெளியே இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. உள்ளே கொண்டு வரட்டுமா?"

"கூடவே கூடாது!" என்று எழுந்துவிட்டேன்.

மூடிய இடத்தில் கரி எரியும்போது போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதனுடன் இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணையும். உறங்குபவர் விழிக்காமலே இறக்கக்கூடும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற காரவன் ஒன்றில் இருவர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த இதே வாயு உள்ளே பரவியதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். வண்டியைச் சற்று மேடான இடத்துக்கு மாற்றினோம். பிறகு இயற்பியலைத் துணைக்கு அழைத்தோம்!

கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடல்தான் உண்டாக்குகிறது. உறங்கும் பெரியவர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 75 வாட் வெப்பம் தருகிறது. அதைத் தக்க வைத்தால் போதும். அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆகவே தடித்த சட்டை ஒன்றுக்குப் பதில், மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தோம். இடையிடையே காற்று சிறைப்பட்டது. மெத்தைக்கு அடியில் செய்தித்தாள்களை விரித்தோம். தண்ணீர், காற்றைப்போல் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். எனவே பனியில் நனைந்த காலுறைகளை மாற்றினோம். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தோம்.

சன்னலை மட்டும் இரண்டு விரல் அளவு திறந்தே வைத்தோம். "குளிர் வருமே!" என்றாள் மனைவி. வரும்தான். ஆனால் நம் மூச்சிலுள்ள நீராவி வெளியேற வழி வேண்டும். தூய காற்றும் வேண்டும். அப்படியும் காலையில் கூரைத் தகட்டின் உட்புறம் நீர்த்துளிகள் முத்துமுத்தாக நின்றன. முழுவதும் மூடியிருந்தால் படுக்கையே நனைந்திருக்கும்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றை மட்டும் செய்தித்தாளால் பல சுற்றுச் சுற்றுங்கள். அரைமணி கழித்து வெப்பமானியால் இரண்டையும் அளந்து பாருங்கள். நாங்கள் அன்றிரவு நன்றாக உறங்கியது எப்படி என்பது விளங்கும்.