துறைமுகப் பெண்களும் புகழ்க்கவிதை மரபும்

ஆபிரிக்கப் பெண்களின் வாழ்வைக் கவிதையிற் கொண்டாடுதல் என்றவுடன் அரசியரும் விடுதலைத் தலைவியருமே நம் நினைவிற்கு வருகின்றனர். இது தற்செயலானதன்று. புகழ்க்கவிதை எச்சமூகத்தில் தோன்றினும் புகழப்படுவோரின் பெயரை வேண்டி நிற்பது. பெயரோ உடைமையும் அதிகாரமும் உடையோர்க்கே ஏட்டில் நிலைத்தது. நமது பாடாண் திணையும் இதற்கு விலக்கன்று. புறநானூற்றிலே பெண் போற்றப்படும் இடங்கள் பலவற்றில் அவள் வீரனைப் பெற்ற தாய் என்ற வகையிலேயே போற்றப்படுகின்றாள்.

இப்பிரச்சினையைத் திருக்கோணமலைத் துறைமுகத்திலிருந்து நோக்குதல் பயனுடையது. 1624இல் போர்த்துக்கேயர் இங்கு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். இம்மூவருமே ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படையினராகவும் இலங்கைக்குக் கொணர்ந்தவர்கள். மொசாம்பிக் கரையிலிருந்து கொணரப்பட்டோர் அவர்களுட் பலர். நம்மவர் ‘காப்பிலியர்’ என்றழைத்த சிறு சமூகத்தினர் அவர்தம் வழித்தோன்றல்களே. (அச்சொல்லில் தொனிக்கும் இளக்காரம் நமது சாதியச் சமூகத்திற்குரியது, அதுவும் ஆராயத்தக்கதே.) ஆட்சியாளர் எழுதிய வரலாற்றில் ஆபிரிக்க ஆண் படைவீரனாகவேனும் இடம்பெறுகின்றான். அவனோடு வாழ்ந்த பெண் பெயரற்றவள்.

ஆயினும் அவள் முற்றாக மறைந்துவிடவில்லை. திருக்கோணமலை, மட்டக்களப்புப் பறங்கியரின் ‘காபிரிஞ்ஞா’ ஆட்டம் பெயரளவிலேனும் ஆபிரிக்கத் தொடர்பைச் சுமந்து நிற்கின்றது. புத்தளத்துச் சிரம்பியடியில் ஆபிரிக்க வழியினர் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் ‘மன்ஜா’ப் பாடல்களைப் பாடுகின்றனர். சிரட்டையும் கரண்டியும் போத்தலும் அவற்றிற்குத் தாளக் கருவிகள். அன்றாடப் பேச்சு சிங்களமாகிவிட்ட பின்னரும் பாட்டு எஞ்சியுள்ளது. பாடியவளின் வரலாற்றை இப்பாடல்களிலிருந்து எழுதிவிட முடியாதெனினும், ஏடு மறுத்த இடத்தை வாய்மொழி அவளுக்கு அளித்தது எனலாம்.

பெயரற்ற பெண்ணை எழுத்துக் கவிதை எவ்வாறு கொண்டாடும் என்ற வினாவிற்கு, அவர்கள் கொணரப்பட்ட அதே மொசாம்பிக் கரையில் இருபதாம் நூற்றாண்டில் ஒரு விடை கிடைத்தது. நொயேமியா த சூசா (1926–2002) தம் கவிதைகளிற் பெரும்பாலானவற்றை 1948 முதல் 1951 வரையான குறுகிய காலத்தில் எழுதியவர். சில ஆண்டுகள் முன்னர், 1945இல், செனகல் நாட்டுச் செங்கோர் கறுப்புப் பெண்ணைப் பாடியிருந்தார். அக்கவிதையின் வரலாற்று முக்கியத்துவம் மறுக்கத்தக்கதன்று. ஆனால் அங்கு பெண் அழகாகவும் நிலமாகவும் ஆகிவிடுகின்றாள், பேசுபவன் ஆணே. நொயேமியாவின் ‘துறைமுகத்துப் பெண்கள்’ என்ற கவிதையோ லொரென்சோ மார்க்கெஸ் (இன்றைய மபூட்டோ) நகரின் தகரக் குடிசைகளிலும் நாணற் குடிசைகளிலும் இருந்து கப்பற்றுறைக்கு வந்து உடலை விற்கும் பெண்களைப் பேசவைக்கின்றது. அவர்கள் ‘நாம்’ என்று பேசுகின்றனர். இரக்கத்தை அவர்கள் கேட்கவில்லை. தம்மைக் கொள்ளையிட்டோரின் இரக்கம் தமக்கு வேண்டாம் என்கின்றனர். கொண்டாட்டம் என்ற சொல்லை இத்தகைய பெண்களுக்குப் பொருத்துவது சிலருக்கு வியப்பளிக்கலாம். புகழ்ச்சி ஒழுக்கச் சான்றிதழன்று என்பதே கவிஞரின் நிலைப்பாடு. தன்மைப் பன்மை இங்கு வெறும் இலக்கண வடிவமன்று. சுரண்டலைத் தனியொருத்தியின் வீழ்ச்சியாகக் காணாது, ஒரு வர்க்கத்தின் நிலையாகக் காணும் பார்வை அதிற் பொதிந்துள்ளது.

திருக்கோணமலை 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்தது. கப்பற்றுறை இருந்த இடத்திற் சலவை செய்தவளும் சுமை தூக்கியவளும் மாலுமிக்கு உடலை விற்க நேர்ந்தவளும் இருந்திருப்பர். நமது கவிதையிலோ அத்துறைமுகம் பெரும்பாலும் இயற்கை வனப்பாகவும் கோணேசர் திருத்தலத்தின் பின்னணியாகவுமே நிற்கின்றது. 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பு ஈழத்துப் பெண்கள் தம் குரலில் தாமே பேசுவதற்கு வழிதிறந்தது. அவ்வழியாக உள்ளே வந்தவர்களுட் கல்வி கற்ற மத்தியதர வர்க்கப் பெண்களே மிகுதி. நொயேமியாவின் கவிதைகள் நூலுருப் பெற 2001 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதப்பட்டிருந்தமையால் அவை காத்திருக்க முடிந்தது.