மேகம் போட்ட கல்யாண லைட்

ஆனி மாசம். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. விடிந்து வெகுநேரமாகியும் சூரியனைக் காணோம். பெண்ணின் பெரியப்பா முகம் சுண்டிப்போய் நிற்கிறார். “ஏனுங் தம்பி, இப்பிடி மோடம் போட்டிருக்குதே, போட்டோவெல்லாம் இருட்டடிச்சுப் போயிருமாட்ட இருக்குதுங்களே?”

“சூப்பரா வருமுங்கய்யா!” என்கிறார் கேமராக்காரர். வெளியே அடக்கம்தான். உள்ளுக்குள் மனுஷன் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்!

பின்னே? ஸ்டூடியோவில் ஒரே ஒரு முகத்தை மெத்தென்று காட்ட, விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய சாஃப்ட்பாக்ஸ் மாட்டுவார்கள். இங்கே தோப்பு முழுமைக்கும் ஒரே சாஃப்ட்பாக்ஸ், அதுவும் வாடகை இல்லாமல். மூக்குக்கடியில் கறுப்பு நிழல் கிடையாது. கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிக்கும் மாமாக்கள் கிடையாது. கீற்றிடுக்கில் புகுந்து கல்யாணப்பெண் கன்னத்தில் கோடு கிழிக்கும் வெயிலும் கிடையாது. உச்சிவெயிலில் பட்டுச்சேலையின் ஜரிகை வெறும் வெள்ளைத் திட்டாகிப் போய்விடும். மேகத்தடியில் பாருங்கள், அரக்கு அரக்காகவே நிற்கிறது. பார்டரில் எத்தனை மயில் என்று எண்ணியே சொல்லலாம்.

சரி, மேக்கப் ரூம் எங்கே என்கிறீர்களா? மோட்டார் ரூம்தான்! உரமூட்டையை ஓரம் தள்ளி, ஸ்டூல் போட்டு, பெண்ணை வாசற்படிக்கு ஓரடி உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள். முகம் வாசலைப் பார்க்கிறது. வெளியே வெளிச்சம், பின்னால் இருட்டு. அந்த ஒரு சதுர வாசல் வழியாக வருகிற மேக வெளிச்சத்தில் பூ வைத்து முடிப்பதைப் படம் எடுத்தால், ஐந்து நட்சத்திர ஹோட்டல் அறை தோற்றுப் போகும். நான் சும்மா சொல்லவில்லை, கேமராவின் பின்திரையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மேகத்துக்கும் சில வம்புகள் உண்டு. முதல் வில்லன் வானமே. ஃபிரேமுக்குள் விட்டால் வெள்ளைக் காகிதம் ஒட்டியது போல நிற்கும். அதனால் டீம் முழுக்க வானத்துக்கு முதுகு காட்டுகிறது. எல்லாப் படத்துக்கும் பின்னால் மரம், இல்லையென்றால் கிணற்றுச் சுவர். அடுத்தது நகை. எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் தங்கம் திருப்பிக் காட்டும். வெறும் மேகத்தைப் பார்த்தால் ஆரம் செத்துப்போய்க் கிடக்கும். உதவியாளர் தம்பி தங்க நிற ரிஃப்ளெக்டரை நீட்டியதும், அடடா, ஆரத்துக்கு உயிர் வந்துவிட்டது. நிறத்திலும் கவனம் வேண்டும். வெயிலில் 5500 கெல்வினாக இருக்கும் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை மேகத்தில் 6500, 7000 வரை ஏறி முகம் நீலம் பாயும். போதாததற்குப் புல்லும் கீற்றும் தாடையில் பச்சை அடிக்கும். முதல் வேலையாகச் சாம்பல் அட்டையைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

“முகூர்த்தம்!” அவ்வளவுதான், சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. கெட்டிமேளம், தாலி, அட்சதை எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். ‘டிரெடிஷனல்’ ஆள் மணமேடைக்கு நேர் எதிரே, ‘கேண்டிட்’ ஆள் வாழைமரத்தோரம். பறக்கிற அரிசி மணிமணியாக நிற்க ஷட்டர் வேகம் நொடியில் 1000-ல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வெயிலில் எஃப் 16 லென்ஸ் திறப்பு கேட்கிற காட்சி மேகத்தில் எஃப் 8 கேட்கும், அதாவது வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. பந்தலுக்குள் அதுவும் இல்லை. எஃப் 2.8-க்குத் திறந்து, ஐஎஸ்ஓவை 1600-க்குத் தூக்கினார்கள். விழுந்தது அட்சதை, சிக்கியது படம்!

அப்புறம் எல்லாம் ஜாலி. மேடையேறி வரிசையில் நிற்கிற சடங்கே இல்லை. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக்கட்டி இளநீர் குடிக்கிறார். கயிற்றுக்கட்டிலில் அப்பத்தாமார்கள் ஊர்க்கதை பேசுகிறார்கள். டயர் ஊஞ்சலில் வாண்டுகள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி வருவதால், “அம்மிணி, இந்தப் பக்கம் திரும்பு” என்று யாரையும் தொல்லை பண்ண வேண்டியதில்லை. அவரவர் இருக்கிற இடத்திலேயே படமாகிறார்கள். நடுவில் ஒரு தூறல். ட்ரோன்காரர் முணுமுணுத்தபடி ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்தார். மற்றவர்கள் கேமராவுக்கு ஷவர் கேப் மாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சாரலில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே துண்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடியதுதான், என் ஓட்டைக் கேட்டால், ஆல்பத்தின் அட்டைப்படம்.

தோப்புக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருக்கிறீர்களா? பந்தல்காரரிடம் வெள்ளைத் துணியே கேளுங்கள். சிவப்பு, நீல சாமியானா அத்தனை முகத்திலும் சாயம் பூசிவிடும். குடை வாங்கினால் கறுப்பு வேண்டாம், கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குடை வாங்குங்கள். முகத்துக்கு வேண்டிய வெளிச்சம் அதன் வழியாகத்தான் இறங்கும்.