மலையேறும் மின்சாரம்

வத்தலக்குண்டைத் தாண்டிக் காட்ரோட்டில் கொடைக்கானலை நோக்கித் திரும்பும் மின்கார் ஒன்றின் சாரதிக்கு, அதுவரை நிம்மதியாக இருந்த மனம் டம்டம் பாறையை எட்டுவதற்கு முன்பே கலங்கிவிடுகிறது. இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று முகப்புத் திரை காட்டுகிற எண், சக்கரங்கள் உண்மையில் கடந்த தூரத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் கரைந்துகொண்டே வருவதுதான் காரணம். மலைக்கும் மின்காருக்கும் ஒத்துவராது என்ற அபிப்பிராயம் பிறப்பது இந்த இடத்தில்தான். அது பிசகான அபிப்பிராயம் என்பதை இந்த வாரம் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

2020ஆம் வருஷம் ஜனவரியில் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்காரை உதாரணமாகக் கொள்வோம். அதன் பாட்டரி 30.2 யூனிட் கொள்வது. சோதனைச்சாலை அதற்கு அளித்த சான்று 312 கிலோமீட்டர், அதாவது யூனிட்டுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் அந்தச் சோதனை, வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, விதிக்கப்பட்ட வேகங்களில் ஓட்டி எடுப்பது. அங்கே ஏற்றமும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை, சித்திரை வெயிலும் இல்லை.

வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,800 மீட்டர். ஆட்களும் மூட்டைகளுமாக 1,700 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், பௌதிக சாஸ்திரத்தின்படி, எட்டேகால் யூனிட் வேண்டும். டயர் உராய்வையும் மோட்டாரின் நஷ்டத்தையும் சேர்த்தால், ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஏற்றத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு யூனிட் ஆகிவிடும். பாட்டரியில் ஏறக்குறைய பாதி! பயப்படுகிற சாரதியைக் குறை சொல்வதற்கில்லை.

எனினும் அந்த எட்டேகால் யூனிட் எங்கும் மறைந்துவிடவில்லை. உயரமாக உருமாறி, வண்டியிலேயே தங்கியிருக்கிறது. ஆனைமலையில் கடம்பாறை நீர்மின் நிலையம், மின்சாரம் மிஞ்சுகிற வேளையில் தண்ணீரைக் கீழணையிலிருந்து மேலணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும் வேளையில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரமாக்கிக்கொள்வது போல, கொடைக்கானலிலிருந்து இறங்கும் மின்காரில் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, மோட்டாரே ஜெனரேட்டராகிப் பாட்டரிக்குச் சக்தியைத் திருப்பி ஊட்டுகிறது. முழுவதும் திரும்பாது, உராய்வுக்குப் போனது போக, நிதானமாக இறங்கினால், மூன்று அல்லது நான்கு யூனிட் மிஞ்சும். செகண்ட் கியரில் முனகிக்கொண்டு இறங்கும் பெட்ரோல் வண்டிக்கோ, ஏறும்போது எரித்த எண்ணெயில் ஒரு துளிகூடத் திரும்பக் கிடைப்பதில்லை.

ஆக, ஏறி இறங்கும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கும் சேர்த்து நிகரச் செலவு பத்து, பதினொரு யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். சோதனைச்சாலை தந்த எண்ணை நெருங்கி வருகிற இந்தக் கணக்கு, முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியத்தைத் தந்தது. அதே கார் மதுரை-திண்டுக்கல் நான்குவழிச் சாலையில், ஏ.சி.யுடன் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் கிடைப்பதே அரிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது: வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அந்தச் சக்தியைக் காற்று ஒருபோதும் திருப்பித் தருவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளோ முப்பது, முப்பத்தைந்துக்கு மேல் யாரையும் விடுவதில்லை. பண்ணைக்காட்டுப் பிரிவைத் தாண்டிய குளிரில் ஏ.சி.க்கும் வேலையில்லை. சீசன் நாட்களில் வெள்ளி அருவியருகே வண்டிகள் வரிசையாகத் தேங்கி நிற்கும்போதும், நிற்கிற மோட்டார் எதையும் உண்பதில்லை. பாட்டரியைக் காலிசெய்வது மலையைக் காட்டிலும் சமவெளியின் அவசரமே என்பதை மின்கார் விற்கிறவர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கொடைக்கானலில் இரவு தங்குகிறவர்கள், ஊர் திரும்பும் ஆவலில் பாட்டரியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு காலையில் புறப்படுகிறார்கள். நிரம்பிய பாட்டரி, இறக்கத்தில் வருகிற சக்தியை ஏற்காது. ஏற்காதபோது மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் குறைந்துபோய், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து மிதித்த பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பது எந்த மலைப்பாதையிலும் உயிருக்கு ஆபத்து. ஆகையால் மேலே எண்பது, எண்பத்தைந்து சதவிகிதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைப் பெருமாள்மலையிலிருந்து காட்ரோடு வரையுள்ள இறக்கமே போட்டுத் தரும்.