ஜரிகை எங்கே போச்சு?

கல்யாண வீடியோ எடுப்பவனுக்குப் பாக்கிப் பணம் கைக்கு வந்துவிட்டால் அந்தக் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். போன தை மாசம் ஒன்றை அப்படி முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"தம்பி, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. பெரியவருக்கு வீடியோ திருப்தியா இல்ல."

பெரியவர் என்றால் பெண்ணின் தாத்தா. திருபுவனத்தில் ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். பேத்தியின் கூரைப்புடவையைத் தன் கையாலேயே நெய்தவர். கும்பகோணத்திலிருந்து பைக்கில் கால் மணி நேரம்தான். போனேன்.

கூடத்தில் 55 இன்ச் 4கே டிவி. எல்லோரும் சோபாவில் இருக்க, பெரியவர் மட்டும் எழுந்துபோய் திரைக்கு ஒரு முழ தூரத்தில் நின்றார். முந்தியை நான் க்ளோசப்பில் எடுத்த இடம் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் புட்டாவுக்குள்ள ஒத்தை இழை ஜரிகை ஓடும் தம்பி. எங்க போச்சு அது? மஞ்சளை அப்பிவிட்ட மாதிரி இருக்கு."

லேப்டாப்பைத் திறந்து அதே காட்சியைப் பெரிதாக்கிக் காட்டினேன். இழை இழையாக இருந்தது. டிவியில் இல்லை. ஆக, இழை கேமராவில் தொலையவில்லை. வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது.

4கே என்பது அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 83 லட்சம். ஃபுல் எச்டி என்பது 1920க்கு 1080. சுமார் 21 லட்சம், அதாவது நாலில் ஒரு பங்கு. கடைக்காரர் 83 லட்சம் புள்ளி உள்ள திரையைத்தான் விற்கிறார். அதில் 21 லட்சம் புள்ளிப் படம் வந்து சேர்ந்தாலும் டிவி வாய் திறக்காது. தானாகவே இழுத்து நிரப்பித் திரை முழுக்கக் காட்டிவிடும். கொஞ்சம் மழுங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் பென்டிரைவைச் சந்தேகப்பட்டேன். சூடு கண்ட பூனை நான். 50 எம்பிபிஎஸ் வேகத்தில் எடுத்த 4கே வீடியோ 25 நிமிஷம் ஓடினால் ஒன்பது ஜிபிக்கு மேல் வரும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. ஒருமுறை எங்கள் எடிட்டிங் பையன் அப்படி ஒரு ஃபைலைச் சுருக்கி ஏற்றிக் கொடுத்ததில் மாட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து எக்ஸ்ஃபேட் பென்டிரைவ்தான். இங்கேயும் அதுதான் இருந்தது; ஃபைலும் அசல் அளவில் இருந்தது.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒரு சோதனைப் படம் செய்தேன். 3840க்கு 2160 அளவு. ஒரு புள்ளி அகலத்தில் கறுப்புக் கோடு, அடுத்து ஒரு புள்ளி அகலத்தில் வெள்ளைக் கோடு, இப்படியே கடைசி வரை. முழு அளவில் வந்தால் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தனித்தனியாக நிற்கும். பாதியாகச் சுருங்கியிருந்தால் கறுப்பும் வெள்ளையும் கலந்து ஒரே சாம்பல். அலை அலையாகப் பட்டை தெரிந்தால், டிவி ஓரத்தை வெட்டிப் படத்தை இழுக்கிறது என்று பொருள். அதற்குப் படத்தின் அளவு செட்டிங்கில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் மருந்து இருக்கிறது.

மறுநாள் அந்தப் படத்தை டிவியில் போட்டேன். சாம்பல். வேறு ஆப்பில் போட்டேன். அதிலும் சாம்பல். டிவியே போலி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதற்கும் பார்ப்போமென்று அதே கோடுகளைப் பத்து விநாடி வீடியோவாக மாற்றி, டிவியோடு வந்த யூஎஸ்பி பிளேயரில் ஓட்டினேன். கோடுகள் எண்ணிவிடலாம் போல நின்றன! அதே வீடியோவை அந்த வீட்டார் வழக்கமாகப் பார்க்கும் பிளேயர் ஆப்பில் ஓட்டினால் மறுபடியும் சாம்பல்.

விஷயம் இதுதான். ஆண்ட்ராய்டு டிவிக்குள் படம் இரண்டு அடுக்காக வரையப்படுகிறது. மெனு, பட்டன், எழுத்து எல்லாம் மேல் அடுக்கு. டிவிக்குள் இருக்கும் சிப்புக்குப் பாரம் குறையட்டும் என்று, 4கே டிவியாக இருந்தாலும் இந்த அடுக்கைப் பெரும்பாலும் 1920க்கு 1080 அளவில்தான் வரைகிறார்கள். கீழே வீடியோவுக்கென்று தனி அடுக்கு. அது திரையின் முழு அளவு. ஆப், வீடியோவை நேராகக் கீழ் அடுக்குக்கு அனுப்பினால் 83 லட்சம் புள்ளியும் வரும். தானே வாங்கி மேல் அடுக்கில் வரைந்தால், நாலில் மூன்று பங்கு அங்கேயே உதிர்ந்துவிடும். போட்டோவை அனேகமாக எல்லா ஆப்பும் மேல் அடுக்கில்தான் வரைகின்றன. அதனால்தான் என் முதல் சோதனை என்னையே ஏமாற்றியது.

ஆகவே, பிளேயர் ஆப்பின் செட்டிங்கில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்ற இடத்தைத் தேடுங்கள். விஎல்சியில் அதை முழு ஆக்சிலரேஷனில் வைத்துப் பாருங்கள். கோடி (Kodi) என்ற ஆப்பில் 'மீடியாகோடெக் (சர்ஃபேஸ்)' என்பது ஆனில் இருக்க வேண்டும். அந்த 'சர்ஃபேஸ்'தான் கீழ் அடுக்கு. வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பிளெக்ஸ், ஜெல்லிஃபின் வழியாகப் பார்ப்பவர்கள் தரத்தை 'ஒரிஜினல்' அல்லது 'மேக்சிமம்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கமே சுருக்கி அனுப்பிவிடும்.

சோதனைக் கோடுகள் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். சாதாரண வீடியோவில் வெளிச்சத்துக்குத்தான் முழுப் புள்ளிக் கணக்கு. நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகத்தான் சேமிக்கிறார்கள். சிவப்பு, நீலக் கோடு போட்டால் எல்லாம் சரியாக இருந்தாலும் கலங்கித்தான் தெரியும். ஜரிகை தப்பிப்பது அதன் நிறத்தால் அல்ல, மினுக்கால்.

இணையத்தில் பார்ப்பதற்குக் கணக்கு வேறு. யூடியூபில் 1080க்கு மேற்பட்ட படம் விபி9, ஏவி1 என்ற முறைகளில்தான் வரும். அவற்றைப் பிரிக்கத் தெரியாத பழைய டிவிக்கு 4கே கிடைக்காது. யூடியூப் ஆப்பிலேயே 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தட்டினால் இப்போது வரும் அளவு எண்ணாகவே தெரியும். நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமென்றால் பிரீமியம் திட்டமும், 15 எம்பிபிஎஸ் இணைய வேகமும் வேண்டும். மலிவு ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வாங்குவதற்கு முன் அதில் 'வைட்வைன் எல்1' என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்3 மட்டும் இருந்தால் கட்டண ஓடிடிகள் பெரும்பாலும் 480 வரிசையோடு நிறுத்திவிடும். பெட்டியை எச்டிஎம்ஐயில் செருகுபவர்கள், 4கே படத்துக்கான எச்டிசிபி 2.2 பூட்டு உள்ள துளை எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருபுவனத்தில் அந்த வீட்டார் பார்க்கும் பிளேயர் ஆப்பின் செட்டிங்கை மாற்றி, முந்திக் காட்சியை மறுபடி ஓட்டினேன். சோபாவில் இருந்தவர்கள், "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. 55 இன்ச் திரையில் 4கே புள்ளி ஒன்றின் அகலம் 0.32 மில்லிமீட்டர், ஃபுல் எச்டி என்றால் 0.63. சாதாரணப் பார்வைக்கு ஏழு அடிக்கு அப்பால் அந்தப் பெரிய புள்ளியே தனியாகத் தெரியாது. சோபா இருந்தது பத்தடியில்.

பெரியவர் மட்டும் மறுபடி ஒரு முழத்துக்குப் போனார். குனிந்தார். முகம் மலர்ந்தது. "இதோ ஓடுது பாருங்க" என்று விரலை ஜரிகை மேலேயே நகர்த்திக்கொண்டு போனவர், ஓரிடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இங்க ஒரு இழை விட்டுப்போயிருக்கே..."

கூடத்தில் யாரும் பேசவில்லை. பெரியவர் திரும்பி, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"தம்பி, பழைய மாதிரியே வச்சுட்டுப் போயிடுங்க."