எடை குறையட்டும், கால் தளரக் கூடாது

அறுபதைத் தாண்டியவர் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால், பெரும்பாலும் கிடைப்பது ஒரு வரி அறிவுரைதான். வெயிட்டைக் குறைங்க, வாக்கிங் போங்க. எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில், எதைச் சாப்பிட்டு, என்ன பயிற்சி செய்து என்ற விவரமெல்லாம் அதில் வராது. வெளியே வரிசை நீண்டு கிடக்கும்போது டாக்டருக்கும் அதற்கு நேரமில்லை. அந்த ஒரு வரியை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்குகிறார். ராத்திரிச் சாப்பாடு இரண்டு பழமாகச் சுருங்குகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மணி நேர நடை. மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிடுகிறது. கன்னம் ஒட்டிப்போகிறது. “நல்லா இளைச்சுட்டீங்களே” என்று பார்க்கிறவர்கள் பாராட்டுகிறார்கள். போன ஆறு கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று கேட்பார் இல்லை. வயதான காலத்தில் எடையைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எடை மெஷின் காட்டும் எண்ணைவிட, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பதுதான் இந்த வயதில் நம்பத் தகுந்த அளவுகோல்.

முப்பது வயதுக்காரர் பட்டினி கிடந்து இளைத்தாலும் கொஞ்சம் தசையை இழக்கத்தான் செய்கிறார். அதைத் திரும்பப் பெற அவருக்குக் காலம் இருக்கிறது. அறுபது, எழுபதில் சும்மா இருந்தாலே தசை கரையும். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக்காக, சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அதற்குள் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்துவந்த பெரியவர்கள் “கால்ல வலுவே இல்லப்பா” என்று சொல்லும்போது வயசாகிவிட்டது என்று தட்டிக்கழிக்கிறோம். உண்மையில் அவர்கள் சொல்வது அளந்து காட்டக்கூடிய ஓர் இழப்பு. சாப்பாட்டை மட்டும் வெட்டி எடையைக் குறைக்கிறவருக்கும் மெதுவாக இதேதான் நடக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர் டென்னிஸ் வில்லாரியல் என்ற அமெரிக்க மருத்துவர். 65 வயதுக்கு மேற்பட்ட, உடல் பருமன் உள்ள 107 பேரை நான்கு குழுவாகப் பிரித்து ஓராண்டு கண்காணித்தார். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும், இன்னொன்றுக்குப் பயிற்சி மட்டும், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இரண்டுமே இல்லை. 2011-இல் முடிவுகள் வெளிவந்தன. உணவைக் கட்டுப்படுத்திய இரு குழுவிலும் எடை இறங்கியது கிட்டத்தட்ட ஒரே அளவுதான், பத்து சதவீதத்தை ஒட்டி. தராசை மட்டும் பார்த்தால் பயிற்சி வீண் என்றே தோன்றும். ஆனால் படியேறுவது, நாற்காலியிலிருந்து எழுவது போன்ற அன்றாட வேலைகளில் வைத்த தேர்வில், உணவுக் கட்டுப்பாட்டுக் குழு 12 சதவீதம் முன்னேறியபோது இரண்டையும் செய்த குழு 21 சதவீதம் முன்னேறியிருந்தது. தசை இழப்பும் இடுப்பு எலும்பின் அடர்த்திக் குறைவும் பயிற்சியோடு இளைத்தவர்களிடம் குறைவாக இருந்தன. என்ன பயிற்சி என்ற கேள்விக்கு 2017-இல் 160 பேரை வைத்து அவரே விடை தேடினார். உணவுக் கட்டுப்பாட்டோடு, மூச்சு வாங்கும்படியான பயிற்சியை மட்டும் செய்தவர்கள் 5 சதவீதம் தசையை இழந்தார்கள். எடை தூக்கும் வலுப் பயிற்சி செய்தவர்கள் 2 சதவீதம்தான் இழந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் உடல் திறன்தான் மற்ற இரு குழுவையும்விட அதிகமாக உயர்ந்தது.

“இந்த வயசுக்கு மேல தசை எங்கே வளரப்போவுது” என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு 1990-லேயே பதில் வந்துவிட்டது. பாஸ்டன் நகரின் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். வயது 86 முதல் 96 வரை. பல நோய்கள் உள்ளவர்கள். வாரம் மூன்று முறை, தொடைத் தசைக்கு, அவரவரால் தூக்க முடிந்த உச்ச எடையில் ஏறத்தாழ எண்பது சதவீதம் வரை வைத்துப் பயிற்சி கொடுத்தார். எட்டு வாரத்தை முடித்தவர்கள் ஒன்பது பேர். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தார்கள். பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். 1994-இல் நூறு பேரை வைத்து அதே குழு மறுபடி செய்தபோதும் வலு இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. தொண்ணூறு வயதில் வளரும் தசை அறுபத்தைந்தில் வளராது என்று சொல்வதற்கு இடமில்லை.

அப்படியென்றால் எத்தனை கிலோ குறைக்கலாம்? இங்கே ஒரு நியாயமான தடை எழும். 65 வயதைக் கடந்தவர்களில், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ எண் 27-ஐ ஒட்டி இருப்பவர்களுக்கே இறப்பு அபாயம் குறைவு, 23-க்குக் கீழே போனால் அபாயம் கூடுகிறது என்று, கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். அந்தத் தரவு பெரும்பாலும் மேலை நாட்டவருடையது. அதே எடையில் நம்மவர் உடலில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு 25 என்ற பிஎம்ஐ-யே உடல் பருமனாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ஒல்லியாக இருக்கும் எழுபது வயதுக்காரர் மேலும் இளைக்க ஆசைப்படக் கூடாது. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவைத் தாண்டியவர் இருக்கிற எடையில் ஐந்திலிருந்து ஏழு சதவீதத்தை ஆறு மாதத்தில், முடிந்தால் இன்னும் நிதானமாக, குறைத்தால் போதும். 75 கிலோ உள்ளவருக்கு அது நாலைந்து கிலோ. அமெரிக்காவின் பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியுமே இலக்காக வைக்கப்பட்டன. அதில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 71 சதவீதம் குறைந்தது. எல்லா வயதினருக்குமான சராசரி 58 சதவீதம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நடுத்தர வயதினரை வைத்து நடந்த ஆய்வு அது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடையே இறங்கவில்லை. அப்படியும் நீரிழிவு அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெஷின் அசையவில்லை என்று மூன்றாம் மாதமே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் உடற்பயிற்சி என்றாலே நடைதான். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அறிவித்தது. நல்ல காரியம். பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காகப் பரப்பிய எண் அது. சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் நடை மட்டும் போதும் என்று நினைப்பதுதான் பிசகு. சமதளத்தில் நடக்கும்போது தொடைத் தசைக்குப் பெரிய வேலை இல்லை. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த, 2014-இல் வெளியான ஆய்வில் நடக்க முடியாமல் போகும் நிலை 35.5 சதவீதத்திலிருந்து 30.1 ஆகக் குறைந்தது என்றால், அங்கே நடையோடு கால் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்திருந்தன. வாரத்தில் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனமும் 65-ஐத் தாண்டியவர்களுக்குச் சொல்கிறது.

இதற்கு ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலி ஒன்று போதும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். அதைச் சுவரோடு அணைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து எழ வேண்டும். முழுக்க நிமிர்ந்த பிறகு உட்கார வேண்டும். உட்காருவதுதான் முக்கியம். தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்கினால்தான் தொடை வேலை செய்கிறது. மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது வெளியே விட வேண்டும். முதல் வாரம் ஐந்து தடவை எழுந்தாலே தொடை கடுக்கும். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் அப்படியே தொடங்கலாம், அல்லது நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பத்து தடவை சுலபமாகிவிட்டால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழலாம். கூட்டிக்கொண்டே போகாவிட்டால் தசைக்கு வளரக் காரணம் இல்லை. முன்னேற்றத்தை அளக்கவும் இதே நாற்காலி உதவும். அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11-க்குக் குறைந்தால் கால் வலு சராசரிக்குக் கீழே என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்கு வைத்திருக்கிறது. அவர்கள் நாட்டு எண் என்றாலும், மாதத்துக்கு ஒரு முறை தன் எண்ணைத் தானே ஒப்பிட்டுக்கொள்ள அது இடைஞ்சல் இல்லை. கூடவே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது.

தசைக்குத் தீனி வேண்டும். நம் பெரியவர்களின் ஒரு நாள் சாப்பாட்டைக் கவனித்துப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, சட்னி. மதியம் சாதம், தண்ணீராக ஒரு கரண்டி சாம்பார், ரசம், கொஞ்சம் பொரியல், மோர். சாயங்காலம் காபி, இரண்டு பிஸ்கட். ராத்திரி இரண்டு தோசை. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் புரதம் 40 கிராமைத் தாண்டாது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை தேவை என்று 2013-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 65 கிலோ உள்ளவருக்கு அது 65 முதல் 78 கிராம். இந்த நிலையில் “டயட்” என்று ஆரம்பித்து முதலில் முட்டையையும் பாலையும் நிறுத்துவது வேதனையான விஷயம். குறைக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு சொல்கிறது. சாதத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெட்டிப் பருப்பும் கறிகாயும் வரட்டும். இட்லி இரண்டாகக் குறைந்து பக்கத்தில் இரண்டு முட்டை வரட்டும், அது 12 கிராம். பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் என்றால், ஐம்பது கிராம் கடலையை ஊறவைத்ததில் பத்து கிராம் கிடைக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நூறு கிராம் மீனில் ஏறக்குறைய இருபது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இரவு உணவைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து, நடு ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சமிருந்தால் சாப்பிடும் அம்மாக்களின் தட்டில் முட்டையும் மீனும் விழுகிறதா என்று வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

“முட்டி வலிக்குது, எப்படிப் பயிற்சி செய்றது?” நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியில் இறங்கும் சுமை, குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் நாலு கிலோ குறைகிறது என்று ஸ்டீபன் மெசியர் குழு 2005-இல் அளந்து காட்டியது. தொடைத் தசை வலுத்தால் முட்டியைத் தாங்கும் பலமும் கூடுகிறது. வீங்கிய, சூடான முட்டியை வருத்தக் கூடாது. மற்றபடி வலி பயிற்சிக்குக் காரணமே தவிரத் தடை அல்ல. “நாள் முழுக்க வீட்டு வேலை செய்றேனே” என்பதும் உண்மைதான். அந்த வேலை உடம்பைக் களைக்க வைக்கும். ஆனால் எத்தனை ஆண்டு செய்தாலும் சுமை கூடாததால் தசையை வளர்க்காது. இருபது நிமிடம் அவர்களுக்கென்று ஒதுக்குவதும், அந்த நேரத்தில் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வதும் குடும்பத்தின் பொறுப்பு. ஊசி பற்றியும் கேட்கிறார்கள். 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி போன்றவை எடையை நன்றாகவே இறக்குகின்றன. ஆனால் இறங்கும் எடையில் தசையும் ஒரு பகுதி. வெகோவியில் உள்ள செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதையும் ஆய்வு காட்டியிருக்கிறது. டாக்டர் சொல்லி எடுக்கிறவர்களுக்கும் மேலே சொன்ன நாற்காலியும் முட்டையும் அவசியம்.

தனி மனிதரின் மன உறுதியை மட்டும் நம்பி இதை விட்டுவிடக் கூடாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம், முதியவர்கள் வீட்டிலேயே செய்யும்படி கால் வலுவுக்கும் சமநிலைக்கும் ஒரு பயிற்சித் தொகுப்பை 1990-களில் உருவாக்கியது. கீழே விழுவது அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பிசியோதெரபிஸ்ட் மட்டும்தான் கற்றுத்தர வேண்டும் என்றும் இல்லை, பயிற்சி பெற்ற செவிலியர்கள் வழியாகவும் அது பலன் தந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வாசலுக்கே வருகிறார்கள். அதே திட்டத்தில் பிசியோதெரபியும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் படுத்த படுக்கையாகிவிட்டவர்களைத் தேடித்தான் அது போகிறது. விழுந்து இடுப்பு முறிந்த பிறகு வருகிற பிசியோதெரபிஸ்ட்டை, விழுவதற்கு முன் மாதம் ஒரு நாள் துணை சுகாதார நிலையத்தில் உட்கார வைக்கலாம். மாத்திரை கொடுக்கும் தன்னார்வலருக்கு இந்த ஐந்தாறு பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்கலாம். பிரஷரும் சுகரும் எழுதுகிற அட்டையில், அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழுந்தார் என்பதையும் குறிக்கச் சொல்லலாம். போன மாதத்தைவிட எண் இறங்கியிருக்கும் வீட்டுக்கு அந்த வாரமே பிசியோதெரபிஸ்ட் போக வேண்டும் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வேலை தொடங்கிவிடும்.