விளக்கெண்ணெய்த் தாளில் சிக்கும் ஈ

பீகார் கிராமமொன்றில் விடியற்காலையில் டார்ச் விளக்கோடு மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைகிறவர் பால் கறக்க வந்தவர் அல்ல. கையில் கண்ணாடிக் குழாய். அதில் செருகிய ரப்பர்க் குழாயின் மறுமுனை அவர் வாயில். மண் சுவரின் வெடிப்பில் வெளிச்சம் பட்டதும், அரிசியில் பாதி அளவுள்ள பூச்சியொன்று இறக்கைகளைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஓர் உறிஞ்சு, ஈ குழாய்க்குள். (நடுவில் வலைத்துணி உண்டு, தொண்டைக்குப் போகாது.) ஒரு மணி நேரத்தில் ஓர் ஆள் எத்தனை பிடித்தார் என்பதுதான் கணக்கு.

அந்தப் பூச்சி மணல் ஈ. அதற்குத் தேங்கிய தண்ணீர் வேண்டாம். சாணமும் ஈரமும் கலந்த தொழுவ மண்ணே போதும், முட்டையிட்டுவிடும். கொசுவுக்காகத் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்லும் பிரசாரம் இதனிடம் எடுபடாது.

கருங்காய்ச்சல் எனும் காலா அசாரின் கிருமியை 1903இல் சென்னை நோயாளிகளின் மண்ணீரலில் கண்டவர் சார்லஸ் டோனவன். அதைப் பரப்புவது எது? முதலில் மூட்டைப்பூச்சியின் மேல்தான் சந்தேகம். 1920களில் ஜான் சின்டன், ‘பிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ்’ என்ற மணல் ஈ வாழும் இடங்களையும் நோய் பரவிய இடங்களையும் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. ஆனால் ஈ கடித்து மனிதருக்கு நோய் வருவதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபித்தது 1942இல்தான். ரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர்திராட்சை கொடுத்தால் அவற்றின் வயிற்றில் கிருமி பெருகுகிறது என்று அதற்குச் சற்று முன்புதான் தெரியவந்திருந்தது; அதுவே அந்தச் சோதனைக்கு வழிவிட்டது.

கணக்கெடுப்புக் கருவிகளில் ரசிக்கத்தக்கது ஒரு வெள்ளைத் தாள். விளக்கெண்ணெய் தடவி, மாலையில் சுவர் வெடிப்பருகிலும் எலி வளை வாயிலும் வைத்துவிடுவார்கள். இரவில் தத்தித் தத்திப் பறக்கும் ஈ உரசினாலே ஒட்டிக்கொள்ளும். காலையில் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தூசிபோலப் புள்ளிகள். ஏன் விளக்கெண்ணெய்? நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஆல்கஹாலில் எளிதில் கரையாது, இது கரையும். மெல்லிய தூரிகையால் ஈயைத் தொட்டெடுத்து ஆல்கஹாலில் விட்டால் பிசுக்கு கழன்றுவிடும். பாட்டிமார் மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே எண்ணெய்!

சிக்கியதெல்லாம் நோய் பரப்புவதில்லை. ஆண் ஈ கடிப்பதே இல்லை. பெண் ஈயின் தலையையும் வயிற்று நுனியையும் பிரித்து, தொண்டையின் பற்களையும் விந்துப்பையின் வடிவத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தே இனத்தைச் சொல்ல முடியும். கண் வலிக்கும் வேலை. பெயரும் வராது, பதக்கமும் வராது. நோய் குறைந்தவுடன் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

1950களில் மலேரியாவுக்காக அடித்த டிடிடி பூச்சிமருந்தில் மணல் ஈக்களும் மடிந்தன, கருங்காய்ச்சல் ஏறக்குறைய மறைந்தது. மருந்தடிப்பு நின்றது, 1970களில் பீகாரில் நோய் பெரும் தொற்றாகத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தொழுவச் சுவர்களைத் தொடர்ந்து பார்த்திருந்தால், ஈக்கள் பெருகுவதாவது முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

மருந்தடிப்பில் இப்போதும் பழைய பழக்கம்தான். தாழப் பறக்கும் பூச்சி என்பதால் வீட்டுச் சுவரில் ஆறடி உயரம் வரை மருந்தடிக்கிறார்கள். பீகாரில் ஆய்வாளர்கள் சிலர் ஒளிப்பொறிகளைப் பனைமர உச்சியில் கட்டிப் பார்த்தார்கள். ஓலைகளுக்கு நடுவிலும் அர்ஜென்டிபஸ் சிக்கியது.