விற்பனைக் கூட்டத்தில் ஒரு சமையல் புத்தகம்



உங்களுக்கு ஓர் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்டவாக உள்ள ஒரு சிநேகிதியின் வீட்டில் அஸருக்குப் பிறகு பெண்கள் கூடுகிறார்கள். வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள், ஊறுகாய், மோர்மிளகாய், ஒடியல் மா, பிள்ளைகளின் உடுப்புகள், இவற்றோடு நாலைந்து சமையல் புத்தகங்களும் விற்பனைக்கு இருக்கும். நீங்கள் சோனகத் தெருவிலிருந்து ஓட்டோவில் போய் இறங்குகிறீர்கள். தேநீர் வருகிறது. கதை நடக்கிறது. கறித்தூள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மூலையில் அடுக்கி வைத்த புத்தகங்களை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

கறித்தூளை மணந்து பார்க்கலாம். ஊறுகாயை நாவில் வைத்துப் பார்க்கலாம். உடுப்பைப் பிள்ளையின் முதுகில் பிடித்து அளந்து பார்க்கலாம். புத்தகத்தை என்ன செய்வது? பலகாரம் தின்ற கையால் தொட்டால் எண்ணெய்க் கறை படியும். எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வைத்தால் வீட்டுக்காரி என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் வேறு. ஆகவே எல்லோரும் அட்டைப்படத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, "நல்ல வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டிலிருந்தபடியே சிறு வியாபாரம் செய்யும் சகோதரிகளில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான்: புத்தகம் ஏன் விலைபோவதில்லை?

வீட்டில் பெண்களைக் கூட்டி விற்கும் இந்த முறைக்கு உலகமெங்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது டப்பர்வேர் கம்பனி. 1940களில் அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் செய்த மூடியுள்ள பிளாஸ்டிக் பாத்திரங்கள் கடைத் தட்டுகளில் தூங்கிக் கிடந்தன. மூடியை எப்படி அழுத்தி, காற்றை வெளியேற்றி மூடுவது என்று கடையில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. கணவரைப் பிரிந்து மகனைத் தனியே வளர்த்துக்கொண்டிருந்த ப்ரௌனி வைஸ் என்ற பெண்மணி வீட்டுக் கூட்டங்களில் அதைச் செய்து காட்டி விற்றார். விற்ற வேகத்தைப் பார்த்த கம்பனி 1951இல் கடைகளிலிருந்து பொருளை எடுத்துவிட்டு, வீட்டு விற்பனையையே முழுதாக நம்பியது. 1954இல் 'பிஸ்னஸ் வீக்' இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அந்த அம்மையாரையே 1958இல் கம்பனி வெளியேற்றியது; உழைத்தவருக்கு நன்றி சொல்லும் விதம் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலும்! டப்பர்வேர் 1996இல் இந்தியாவுக்கு வந்தது. 2024 செப்டம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது.

1980இல் சிக்காகோவுக்கு அருகே டோரிஸ் கிறிஸ்டோபர் என்ற மனையியல் ஆசிரியை 3,000 டொலர் முதலுடன் தன் வீட்டிலிருந்தே 'பாம்பர்ட் ஷெஃப்' என்ற வியாபாரத்தைத் தொடங்கினார். கரண்டியையும் தட்டையும் விற்பதற்கு முன் அந்த வீட்டு அடுப்படியிலேயே ஒரு பண்டத்தைச் செய்து காட்டுவது அவருடைய வழி. பின்னாளில் சமையல் குறிப்புப் புத்தகங்களும் அந்தப் பொருள்களோடு சேர்ந்து விற்றன. 2002இல் வாரன் பஃபெட்டின் நிறுவனம் அதை வாங்கியது.

சமையல் புத்தகமும் டப்பரின் அந்த மூடி போலத்தான். திறந்து, செய்து காட்டும் வரை அதன் பயன் யாருக்கும் தெரியாது.

வியாபாரம் நமக்குப் புதிதல்ல. அன்னை கதீஜா நாயகி (ரழி) அவர்கள் தம் சரக்கைத் தகுந்தவர்களிடம் ஒப்படைத்துச் சிரியா வரை அனுப்பி வணிகம் செய்தவர்கள். வீட்டுக்குள்ளே பெண்கள் மட்டும் கூடி விற்பதும் வாங்குவதும் நம் குடும்பங்களுக்கு மிகவும் வசதியான ஒன்று. செய்வதைத் திருத்தமாகச் செய்வோமே.

முதலில் மேசை. இருக்கிற பத்துப் புத்தகத்தையும் அடுக்காதீர்கள். மூன்று போதும். ஒன்றைத் திறந்து, பார்ப்பவர் கண்ணுக்கு நேராகச் சாய்த்து வையுங்கள். சாய்த்து வைக்க ஒரு சுளகும் முட்டுக்கு ஒரு டப்பாவும் போதும். குர்ஆன் வைக்கும் ரெஹாலை இதற்கு எடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் அப்படிச் செய்த வீட்டைப் பார்த்ததால் சொல்கிறேன். மூன்றிலும் ஒவ்வொரு பிரதியைப் 'பார்வைக்கு' என்று எழுதி, தெளிந்த பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தால் எல்லோரும் தயங்காமல் தொடுவார்கள். அந்தப் பிரதி கறைபடத்தான் செய்யும். அதைக் கடைசியில் உங்கள் அடுப்படிக்கே வைத்துக்கொள்ளலாம். விற்கும் பிரதிகள் உள்ளே சுத்தமாக இருக்கட்டும். விலையைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்தது பண்டம். புத்தகத்திலிருந்து ஒன்றைச் செய்து, "இது 42ஆம் பக்கம்" என்று சீட்டெழுதி அருகில் வையுங்கள். புரியாணி வேண்டாம், அது ஆறிவிடும், வேலையும் அதிகம். என்னைக் கேட்டால் கடற்பாசி செய்யுங்கள் என்பேன். நோன்பு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சி ஊற்றுவதுதான். யாழ்ப்பாணத்து வெயிலிலும் மேசை மேல் உருகாமல் நிற்கும். உறைய வைக்கக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. ஜெலற்றின் போட்டுச் செய்தால் வெக்கைக்குத் தளர்ந்துவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு, அதைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்திலோ தமிழிலோ வரும் பொதுவான சமையல் புத்தகங்களில், இனிப்புப் பகுதியைத் திறந்தால் ஜெலற்றின் இருக்கும். அது மாட்டின் எலும்பு, தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது; பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கேக் பகுதியில் வைன், பிரண்டி வரும். கொழும்பில் நத்தார் கேக் செய்முறை இல்லாத பெரிய புத்தகம் அபூர்வம். வனிலா எசன்ஸிலும் மதுசாரம் கலந்தது உண்டு, போத்தலின் சீட்டைப் படிக்க வேண்டும். முஸ்லிம் வீட்டுப் பெண் வீட்டுக்குப் போய்ப் பக்கம் புரட்டும்போது இவற்றைக் கண்டு முகம் சுளிப்பதைவிட, விற்கும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: "இதில் இன்ன இன்ன பக்கங்களில் நமக்கு ஆகாதது உண்டு. ஜெலற்றினுக்குப் பதில் கடற்பாசி போடலாம், இதோ செய்து வைத்திருக்கிறேன், சாப்பிட்டுப் பாருங்கள்." கடற்பாசி என்று நான் சொன்னதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

குறையைச் சொன்னால் விற்குமா என்று சிலர் கேட்பார்கள். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தி நமக்குத் தெரிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொல்ல, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். சமையல் புத்தகத்தில் அட்டைதான் குவியலின் மேற்புறம். எந்தப் புத்தகத்தின் அட்டை ஈரமாயிருக்கிறது? ஈரமெல்லாம் உள்ளேதான்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிநேகிதியின் வீட்டுக் கூட்டத்தில், பளபளவென்று படங்கள் நிறைந்த தடித்த புத்தகமொன்றை வாங்கினேன். உண்மையில் அது எனக்குத் தேவைப்படவில்லை. எனக்கு முன் நாலு பேர் பார்த்துவிட்டு வைத்தார்கள்; அவள் முகம் வாடிப்போயிற்று; அதற்காக வாங்கினேன். வீட்டில் திறந்தால் எங்கும் 'வேண்டிய அளவு தண்ணீர்', 'தேவையான உப்பு'. வேண்டிய அளவு எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் புத்தகம் வாங்குகிறேன்? கடற்பாசி 10 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் என்று ஒரு வரி எழுத என்ன பஞ்சம்? அந்தப் புத்தகம் இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. சிநேகிதி அதன் பிறகு அழைத்த இரண்டு கூட்டங்களுக்கும் நான் போகவில்லை. காசு போனதைவிட அதுதான் எனக்கு வருத்தம்.

இப்படி வாங்குவது நான் ஒருத்தி மட்டுமல்ல. அமெரிக்காவின் வீட்டு விற்பனைக் கூட்டங்களை ஆராய்ந்து 1990இல் இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருளின் மேலுள்ள விருப்பத்தைவிட, அழைத்தவளோடு உள்ள உறவே வாங்க வைப்பதில் இரு மடங்கு வலிமை உள்ளதாகக் கண்டார்கள். உறவினரை அழைத்து விற்பவர் கையில் இருப்பது எத்தனை கூரான கத்தி என்று பாருங்கள்! அதனால் அழைக்கும்போதே, "தேத்தண்ணி குடிக்க வாருங்கள்" என்று மறைக்காமல், "விற்பனை வைத்திருக்கிறேன், வாங்காவிட்டாலும் வந்து போங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ராத்தாவோ மாமியோ வெறுங்கையோடு போனால் அதே முகத்தோடு வழியனுப்புங்கள்.

வாங்கியவர் மனம் மாறினால்? விற்பவரும் வாங்குபவரும் பிரிந்து செல்லும் வரை பேரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இருவருக்கும் உண்டு என்பது நபிமொழி. ஷாபிஈ மத்ஹபில், அந்த இடத்தைவிட்டு உடலால் பிரியும் வரை இவ்வுரிமை நீடிக்கிறது. ஹனபி மத்ஹபில் பேச்சு முடிவதையே பிரிவு என்று கொள்கிறார்கள். அமெரிக்க அரசு வீடு தேடி வரும் விற்பனையில் மூன்று நாள் அவகாசம் கொடுக்கும் விதியை 1970களில்தான் கொண்டுவந்தது. வாசலில் செருப்பு மாட்டும் வரையாவது திருப்பித் தரலாம் என்று நீங்கள் முதலிலேயே அறிவித்துவிட்டால், கூச்சத்தில் வாங்கியவள் நிம்மதியாகத் திருப்பித் தருவாள். அடுத்த கூட்டத்துக்கும் வருவாள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு புத்தகத்தை 400 ரூபாவுக்கு எடுத்து 500 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று கொள்வோம். பத்துப் பிரதி எடுத்தால் முதல் 4,000. எட்டு விற்ற பிறகுதான் முதல் திரும்பும். இலாபம் என்பது கடைசி இரண்டு பிரதிதான். அந்த இரண்டும் தங்கிவிட்டால் தேநீருக்கும் கடற்பாசிக்கும் செலவானது கைநட்டம். ஆகையால் காசு கொடுத்து வாங்கி அடுக்காமல், விற்றதற்குப் பணம், விற்காததைத் திருப்பித் தருவது என்று புத்தகக் கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள். தெரிந்த கடைக்காரர் ஒத்துக்கொள்வார். இன்னொன்று: "நீ பத்துப் பேரைச் சேர், அவர்கள் பத்துப் பேரைச் சேர்க்கட்டும்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ஆள் சேர்ப்பதிலேயே பணம் வரும் பிரமிட் முறை இலங்கையில் வங்கிச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது.

எந்தப் புத்தகத்தை வைப்பது? தமிழ்ச் சமையல் புத்தகம் என்றால் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நினைவுக்கு வரும். முதற்பாகம் 1951இல் வந்தது. உறவுப் பெண்கள் ஓயாமல் செய்முறை கேட்டதால் எழுதப்பட்டது. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த வீடுகள் எத்தனையோ. ஆனால் அது முழுக்க மரக்கறிச் சமையல். யாழ்ப்பாணத்துக் கூழும் குரக்கன் பிட்டும் பற்றி நேசா எலியேசர் பதிப்பித்த ஆங்கில நூல் 2003இல் வந்தது. எதை வைத்தாலும் அளவுகளை ஒருமுறை பாருங்கள். பழைய தமிழகப் புத்தகத்தில் ஆழாக்கும் படியும் இருக்கும். நமக்குப் பழக்கம் பால் ரின் அளவுச் சுண்டு. அங்கே பூண்டு, இங்கே உள்ளி. அங்கே சோம்பு, இங்கே பெருஞ்சீரகம். ரம்பை இலையும் மாசியும் அந்தப் புத்தகங்களில் தேடினாலும் அகப்படாது. ஒரு தாளில் இந்தச் சொற்களை எழுதிப் புத்தகத்தின் பின்னட்டையில் செருகிக் கொடுத்தால், கடையில் கிடைக்காத ஒன்றை நீங்கள் கொடுத்ததாகும்.

சோனகத் தெரு அடுப்படிகளின் கைப்பதத்தைத் தேடினால் அச்சில் கிடைப்பது அருமை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளையைத் தூக்குவாளா, சமையல் கொப்பியைத் தூக்குவாளா? முகாமில் நிவாரண அரிசியில் சமைத்துப் பழகிய மகளுக்கு, உம்மும்மாவின் ஒன்பது சாமான் கறித்தூளைச் சொல்லிக் கொடுக்கச் சாமானும் இல்லை, நேரமும் இல்லை. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தன. கொழும்புத்துறைச் சனமும் அதில்தான் நடந்தது. அன்று போன வீட்டுக்காரியும் இன்று வந்த விருந்தாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச எத்தனை இருக்கும்!

ஆகவே நான்காவதாக ஒரு வெறும் கொப்பியை மேசையில் வையுங்கள். அது விற்பனைக்கல்ல. முதல் பக்கத்தில் உங்கள் வீட்டுச் செய்முறை ஒன்றை, தண்ணீர் அளவு உட்பட, நீங்களே எழுதி வையுங்கள். "இதில் எங்கட உம்மும்மா கறுவாவை வறுக்கமாட்டா" என்று ஒருத்தி தொடங்குவாள். "நாங்கள் மீன்கறிக்கு அப்படித்தான்" என்று வீட்டுக்காரி சேருவாள். வயதான மாமி ஒருவர் "கொஞ்சம் உப்பு" என்றால் விடாதீர்கள். அவர் கையால் எடுக்கச் சொல்லி, அதைக் கரண்டியில் கொட்டி அளந்து எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும். சொன்னவரின் பெயரையும் ஊரையும் கீழே போட மறக்க வேண்டாம்.

பேனையை மட்டும் கொப்பியோடு நூலால் கட்டி வையுங்கள். கூட்டம் கலையும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.